சீமெந்தில் இறுக்காத மெசின்

சாய்ந்தமருது
சனிக்கிழமை இரவு

அன்பு மகன் றஊபுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதைக் குறை நினைக்காதே மகன். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்தி, வாப்பாவும் தங்கச்சியும் படுத்த பிறகுதான் பேனை என் கைக்கு வந்தது. அல்லாஹ்வின் கிருபையால் எல்லாரும் நடமாடித் திரிகிறோம். கொழும்புக் கடைச் சோறு உனக்கு ஒத்துவருகிறதோ, அந்த இருமல் விட்டதோ என்பதுதான் எனக்கு யோசனை. நீ வேலை செய்யும் கடையில் துளை போடுகிற துறப்பண மெசின் ஒன்றுக்குச் சொல்லி வைக்கும்படி வாப்பா உனக்கு எழுதினாராம், தபாலில் போட்ட பிறகுதான் என்னிடம் சொன்னார். சொல்லி வைத்துவிடாதே. ஏன் என்று எழுதுகிறேன், பொறுமையாக வாசி.

தங்கச்சி சுஹறாவின் கல்யாணத்துக்கு முதல், வளவில் அவளுக்குக் கட்டுகிற வீட்டின் கதவு, ஜன்னல், நிலை எல்லாம் நம்ம பட்டறையிலேயே செய்து முடிக்க வேணும். ஒவ்வொரு நிலைக்கும் குறுக்குச் சட்டத்தின் நாக்குச் சொருகுகிற சதுரத் துளை வேணும். உளியால் கொத்திக் கொத்தி வாப்பாவின் தோள் விட்டுப்போச்சு, ஆகவே மெசின் வேணும் என்பதில் எனக்கு வழக்கில்லை. எந்த மெசின் என்பதில்தான் வீடு இரண்டாகிக் கிடக்கிறது. துறப்பண மெசின் வட்டத் துளையும் போடுமாம், சதுர உளியை மாட்டினால் சதுரத் துளையும் போடுமாம், இரும்பையும் துளைக்குமாம். விட்டால் சோறும் ஆணமும் காய்ச்சும் என்பார் உன் வாப்பா. என் தம்பி கச்சிமுகம்மதுக்கோ சதுரத் துளைக்கென்றே செய்த, காலால் மிதிக்கிற மெசின்தான் வேணும். அது ஒரு வேலைதானே செய்யும் என்று வாப்பா சொல்ல, ஒரு வேலையையாவது செய்யுமே மச்சான், ஒன்றும் செய்யாமல் இந்த வீட்டில் எத்தனை பேர் சோறு தின்கிறோம் என்றான் உன் மாமா. அவன் தன்னைத்தான் சொன்னான், வாப்பா தன்னை என்று எடுத்துக்கொண்டு கதையை நிற்பாட்டிவிட்டார்.

பிறகு ஒரு பரீட்சை வைத்தார்கள். அக்கரைப்பற்றில் பஸ் திருத்துகிற ஒரு கராஜில் துறப்பண மெசின் இருக்கிறதென்று, சுஹறாவின் வாசல் நிலைக்காலையே மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார் வாப்பா. பரீட்சைக்கு ஒரு துண்டுப் பலகை போதாதா என்றேன், காலேஜில் உனக்குத் தச்சுவேலையுமா படிப்பித்தார்கள் என்று கேட்டார். தகடு துளைக்கிற சின்ன மேசையில் ஆளுயர முதிரைக் கட்டை நிற்குமா? ஒரு தலைப்பில் இவர், மறு தலைப்பில் மாமா, அல்லாஹ் காப்பாற்ற, ஜனாஸாப் பெட்டி தூக்குகிற மாதிரி நின்றார்களாம். உளி மரத்தில் இறுகி, பிடியை மேலே விட்டதும் கட்டையும் சேர்ந்து எழும்பியதாம், இரண்டு பேரும் அதில் தொங்கித்தான் கழற்றியிருக்கிறார்கள். துளை சதுரமும் இல்லை, நேரும் இல்லை. நிலை வைக்கிற நாளும் நெருங்கியதால் மரச்சீவலைத் திணித்து அதையே நிறுத்தினார்.

நிலை வைத்த அன்று பாத்திஹா ஓதும்போது மாப்பிள்ளை ஜவுபரின் உம்மா றாஹிலாவும் வந்தா. நிலையில் சும்மா ஒரு கையை வைத்தா, அது ஆடியது. பரவாயில்லை, மெசின் வந்தால் எல்லாம் நேராகும்தானே என்று சிரித்துவிட்டு, மெசினை எங்கே வைக்கப்போறீங்க என்று கேட்டா. இவர் நெஞ்சை நிமிர்த்தி, கறண்ட் இல்லாட்டிப் போகட்டும், பட்டறைக் கொட்டிலில் சீமெந்துத் திட்டுக் கட்டி, எண்ணெய் இஞ்சினும் பெல்ட்டும் பூட்டி, புயலுக்கும் அசையாமல் இறுக்கப்போகிறேன் என்றார். அப்ப அதுவும் வீடு வளவோடதானே என்றா றாஹிலா. ஓம் ஓம், வேறென்ன என்று தலையாட்டினார் உன் வாப்பா! துளைக்காக ஊர் கேட்கச் சண்டை பிடித்த மனிசருக்கு, மெசினையே சீதனத்தோடு கொடுத்துவிட்டது விளங்கவில்லை. மாமாவுக்கும் விளங்கவில்லை, அவன் வாயில் வட்டிலப்பம்.

வீடும் வளவும் பெண்பிள்ளைக்கு என்பதில் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை, என் உம்மாவும் எனக்கு அப்படித்தான் தந்தா. ஆனால் நீ கொழும்பில் கிடந்து காய்வது ஊருக்கு வந்து தொழில் செய்யத்தானே? திட்டில் இறுக்கி வளவோடு சேர்ந்துபோன மெசினில் வேலை செய்ய நாளைக்கு மச்சினனிடம் உத்தரவு கேட்பாயா? ஜவுபர் நல்ல பிள்ளை, அவனுடைய உம்மாவின் கண்தான் பெரிது. மிதி மெசினுக்குத் திட்டும் வேண்டாம், இஞ்சினும் வேண்டாம், இரண்டு கனத்த பலகையில் பூட்டினால் நிற்கும் என்று மாமா சொல்கிறான். நீயும் ஒரு நாள் இன்னொருத்தி வீட்டுக்கு மாப்பிள்ளையாய்ப் போகத்தான் போகிறாய், அப்போது வண்டியில் ஏற்றிக்கொண்டு போகலாம். நம்ம ஊர் ஆம்பிளைக்குத் தூக்கிக்கொண்டு போகக்கூடியதுதான் சொந்தம் மகன். வட்டத் துளைக்குப் பட்டறையில் இருக்கிற கைத்துறப்பணம் போதும். சுஹறாவிடமும் கேட்டேன், றஊப் காக்காட மெசின் எனக்கென்னத்துக்கு உம்மா, ஆடாத கதவு தாங்க என்றாள்.

ஆகவே மிதி மெசினையே தெரிந்தெடுத்து, பில்லில் உன் பெயரைப் போட்டு அனுப்பு. வாப்பாவுக்குப் பொய் எழுதாதே, நீயாக யோசித்துத் தெரிந்தெடுத்ததாக எழுது, என் பெயரை மட்டும் இழுக்காதே. தொழுகையை விடாதே, கடை மெசின்களில் விரலைக் கவனி. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் பறக்கத்தும் தரட்டும். வாப்பா திட்டுக்கு மணல் பறிப்பிக்கத் தொடங்கிவிட்டார், கிடைத்தவுடன் பதில் போடு.

உன் உம்மா
ஸைனம்பு