துடைக்கக் கூடாத புட்டி

அம்மாவுக்கு,

உங்கள் கையை முத்தமிட்டு என் நெற்றியில் வைத்துக்கொள்கிறேன். முழங்கால் வலி குறைந்ததா? போத்ரூம் நகரில் நான் நலம்.

நேற்று எங்கள் அருங்காட்சியகத்தில் தேநீர் போடும் நூரியே அக்கா, என் மேசையில் இருந்த பழங்காலக் கண்ணாடிப் புட்டியை ஈரத்துணியால் தேய்த்துவிட்டார்.

"எவ்வளவு அழுக்குடி பொண்ணே! டீ கிளாஸ் மாதிரி ஆக்கிட்டேன் பாரு!"

துணியெல்லாம் வானவில் நிறச் செதில்கள்.

"அழுக்கு இல்லக்கா. மண்ணுக்குள்ள கெடந்து கண்ணாடியே அப்படி ஏடு ஏடா மாறியிருக்கு."

"அப்ப திருப்பி ஒட்டிடு!"

ஒட்ட முடியாது என்றதும் அக்கா அந்தத் துணியை உதறாமல் மடித்து என் கையில் கொடுத்தார்.

பெருநாளுக்கு எனக்கு விடுப்பு இல்லை. வீட்டைத் துப்புரவு செய்யத் தொடங்கியிருப்பீர்கள். அப்பா கிணறு வெட்டியபோது கிடைத்த நம் வீட்டுப் புட்டியிலும் அதே மினுக்கம்தான். தம்பி இதை உங்களுக்கு வாசித்துக் காட்டும்போது உங்கள் கையில் துணி இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். நான் வரும்வரை அந்தப் புட்டி தூசியோடே இருக்கட்டும்.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள்.

ஸெலிஹா