வீங்கிய விரல்களுக்கு நடுவே ஒன்று

அன்புள்ள மகளுக்கு,

அப்பா நலம். மாடியில் நீ வைத்துவிட்டுப் போன செடிகள் நலம். என்னைப் பற்றி அந்தச் சொல்லை எழுதப் பேனா தயங்குகிறது, அதனால் முதலில் உங்கள் இருவரின் நலத்தைக் கேட்டுக்கொள்கிறேன். மாப்பிள்ளைக்கு இருமல் விட்டதா. குளிரில் காதை மூடாமல் வெளியே போகிறார் என்றாயே, சொல்லிப் பார், கேட்காவிட்டால் விட்டுவிடு, சொல்லிக் கேட்காதவர்களைப் பற்றித்தான் இந்தக் கடிதமே.

போனில் சொல்லியிருக்கலாம். போனில் உன் முகம் தெரியும். போன வாரம் நீ கைகளைக் காட்டச் சொன்னபோது வலது கையை மட்டும் காட்டினேன், இடது கையெல்லாம் மாவு என்றேன். மாவு இல்லை. கட்டு. ஆஸ்பத்திரியிலிருந்து அன்று காலைதான் வந்திருந்தேன். அப்பா சொல்லிவிடுகிறேன் என்றுதான் நின்றார், நான்தான் தடுத்தேன். அவர் மேல் கோபப்படாதே.

நடந்ததை எழுதுகிறேன். பள்ளிக்கூடம் திறக்கும் சமயம், கடையில் பாவாடைகள் மலைபோல் கிடந்தன. இடுப்புப் பட்டியைக் கையால் தைக்கும்போது ஊசி இடது ஆள்காட்டி விரலில் நகத்தோரம் இறங்கிவிட்டது. தையல்காரிக்கு ஊசி குத்துவது ஒரு செய்தியா. வாயில் வைத்துச் சப்பிவிட்டுத் தைத்தேன். இரண்டொரு நாளில் நுனி வீங்கிப் பளபளத்தது, தொட்டால் உயிர் போயிற்று. முடக்குவாதத்துக்கு நரம்பில் ஏற்றுகிற அந்த மருந்துக்குப் போக வேண்டிய நாளும் வந்தது. நீ எனக்கு எப்படிச் சொல்லித் தந்தாய் என்று நினைவிருக்கிறது. உடம்பின் காவல்காரனே புத்தி கெட்டு நம் மூட்டுகளை அடிக்கிறான், இந்த மருந்து அவனை அடக்கி உட்கார வைக்கும், அவன் அடங்கியிருக்கும் நேரம் பார்த்து வெளியிலிருந்து திருடன் வந்தால் அதட்ட ஆளிருக்காது, ஆகவே காய்ச்சலோ இருமலோ சின்னப் புண்ணோ எதுவானாலும் கிளம்பும் முன்பே போன் போட்டுச் சொல்லிவிடு என்றாய். சரி என்றேன். உன் தலைமேல் கைவைத்துச் சத்தியம் செய்யாத குறை.

போன தடவை சொன்னேன். சளி என்று உண்மையைச் சொன்னேன், சரியானதும் வாங்கம்மா என்று தள்ளிவைத்தார்கள். அதற்குள் கை திரும்பவும் பூட்டிக்கொண்டது. கத்தரிக்கோல் பிடிக்க முடியவில்லை. ரவிக்கைக் கொக்கியை அப்பா மாட்டிவிட்டார். ஒன்று விட்டு ஒன்றில் மாட்டிவிட்டு, ஊருக்கெல்லாம் கொக்கி வச்சுத் தந்தவ எனக்கு மாட்டக் கத்துக் குடுக்கலையே என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இதை அவர் அறிய வேண்டாம்.

அதனால் இந்த முறை மறைப்பது என்று முடிவு செய்தேன். மறைக்க எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை, அதுதான் வெட்கம். பத்து விரலும் முண்டும் முடிச்சுமாக இருக்கிற கையில் இன்னொரு வீக்கத்தை யார் கண்டுகொள்ளப் போகிறார்கள். கையை மடியில் வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலியில் எப்போதும் வருகிற பஸ் டிரைவர். சிஸ்டர் கேள்விகளை ஆரம்பித்ததும், வண்டி எடுக்கும் முன்னாடி டயரைத் தட்டிப் பார்க்கிற மாதிரி நம்மளத் தட்டிப் பாக்குதும்மா இந்தப் பொண்ணு என்று என்னிடம் சொன்னவர், அடுத்த மூச்சிலேயே, ராத்திரியிலேர்ந்து குளிர் அடிக்குது சிஸ்டர், பிரேக் சரியில்ல, இன்னிக்கு வண்டி ஓடாது என்று தானே எழுந்து டாக்டரைப் பார்க்கப் போனார். பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று நினைத்தேன். சிஸ்டர் என்னிடம் வந்தாள். காய்ச்சல் உண்டா, இல்லை. இருமல், இல்லை. எங்கயாவது புண்ணு, காயம், இல்லை. மூன்று இல்லை. மருந்து ஏறியது.

இங்கே நிறுத்திவிட்டு நாளை எழுதுகிறேன். விரல் மடங்கவில்லை.

பிறகு விரல் கறுத்தது, சிவப்புக் கோடு ஒன்று மணிக்கட்டைத் தாண்டி முழங்கைப் பக்கம் ஏறியது. காய்ச்சல் பெரிதாக இல்லை, அதனால் ஒன்றுமில்லை என்று இருந்தேன். காவல்காரன் கட்டிப்போடப்பட்டிருந்தால் சத்தமும் இருக்காது என்பது புத்திக்கு எட்டவில்லை. அப்பாதான் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல் என்னை வண்டியில் ஏற்றினார். விரலைக் கீறிச் சீழை எடுத்தார்கள். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் விரலோடு போயிருக்காது என்றார்கள். விரல் இருக்கிறது. நுனியில் உணர்ச்சி வருமா என்று தெரியவில்லை.

இதுவரை எழுதியது சுலபம். பெரிய டாக்டர் கட்டிலருகே வந்து, மருந்து ஏற்றிய அந்தப் பெண்ணைக் கூப்பிட்டனுப்பினார். ரெண்டு கையையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்ல, இந்த நோயில வீக்கம் ரெண்டு பக்கமும் ஜோடி ஜோடியாத்தானே இருக்கும், இது மூட்டுகூட இல்ல, நுனி என்றார். இரண்டு கைகளையும் சேர்த்துவைத்துப் பார்க்காமல் நான் ஒரு சட்டையை வெளியே அனுப்பியதில்லை. அவள் கேட்டேன் டாக்டர் என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். உன் வயதுதான் இருக்கும். நான் கண்ணை மூடிக்கொண்டேன். தூங்குவதாக நினைத்திருப்பார்கள். அவள் நினைத்திருக்க மாட்டாள்.

சாயங்காலம் அவளே வந்து கட்டு மாற்றினாள். முகம் கழுவிவிட்டாள். ரவிக்கைக் கொக்கிகளை ஒன்றுவிடாமல் சரியாக மாட்டினாள். எதற்கு வெட்கப்பட்டுப் பொய் சொன்னேனோ, அதே வேலையை அவள் கையாலேயே செய்தாள். வலி எப்படிம்மா இருக்கு, உள்ளதச் சொல்லுங்க என்றாள். குத்திக்காட்டவில்லை, கேட்கிற வழக்கத்தில் கேட்டாள். அன்னிக்கே புண்ணு இருந்துச்சும்மா, தெரிஞ்சேதான் சொல்லல என்றேன். பஞ்சை மடித்துத் தட்டில் வைத்தாள். எங்கிட்டச் சொல்லி என்னம்மா பிரயோஜனம் என்றாள்.

வீட்டுக்குக் கிளம்பும்போது மருந்து ஏற்றுகிற அந்த நாற்காலி அறையில் வேறொரு சிஸ்டர் இருந்தாள். எனக்குக் கட்டு மாற்றியவளை வேறு வார்டுக்கு மாற்றிவிட்டார்களாம்.

நாளை காலை பெரிய டாக்டரைப் பார்க்கப் போகிறோம். புண் ஆறியதைப் பார்த்து, மருந்தை மறுபடி எப்போது தொடங்குவது, தொடங்கலாமா என்று சொல்வார். கை இப்போதே காலையில் விறைக்கிறது. தெரிந்தே மறைத்தேன் என்று சொன்னால் இவளை நம்பி எப்படி இந்த மருந்தைக் கொடுப்பது என்று யோசிப்பார். யோசிக்கட்டும், நியாயம்தான். அந்த சிஸ்டர் கேட்டாள், நான்தான் இல்லை என்றேன் என்று சொல்ல வேண்டும். வாய் வருமா என்று பயமாக இருக்கிறது. அதனால்தான் முதலில் உன்னிடம் சொல்லிப் பார்க்கிறேன். பார்த்துவிட்டு வந்து கடிதத்தை அனுப்பலாம் என்று இருந்தேன். அப்படியானால் சொல்லாமல் திரும்பி வந்து இதைக் கிழித்துப் போடவும் வழியிருக்கும். என்னை எனக்குத் தெரிகிறது. ஆகவே ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே தபால் பெட்டியில் போட்டுவிடப் போகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. கண் விழித்து வேலை பார்க்காதே. மாப்பிள்ளையிடம் இதைப் படித்துக் காட்டுவதும் காட்டாததும் உன் இஷ்டம். இருவரும் நிறைந்த வாழ்வு வாழ வேண்டும், கட்டுப் போட்ட கையையும் சேர்த்தே தூக்கி வாழ்த்துகிறேன். ஒன்று மட்டும் மறக்காதே. அடுத்த முறை போன் செய்யும்போது கை எப்படி இருக்கிறது என்று முதலில் கேட்காதே. டாக்டரிடம் என்ன சொன்னாய் என்று கேள். இரண்டு கைகளையும் காட்டச் சொல்லிவிட்டுக் கேள்.

இப்படிக்கு,
உன் அம்மா