ஏலத்தை மெதுவாக விட்ட அப்பாவுக்கு

என் ஆசை அப்பாவுக்கு,

உங்களோடு சண்டை போடத்தான் எழுதுகிறேன். இன்றைக்கு எனக்கு எம்.ஏ. ஆங்கில இலக்கியத்தின் வாய்மொழித் தேர்வு. அதில் என்னைக் கவிழ்த்தது வேறு யாருமில்லை, நீங்கள்தான்.

என் ஆய்வு உங்களுக்குத் தெரியும். திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் ஏலம் விடுகிறவர்களின் பேச்சில் ஆங்கிலச் சொற்கள் எப்படிக் கலக்கின்றன என்பதுதான் தலைப்பு. கமிஷன் கடைகளில் சிலரைப் பதிவு செய்தேன், உங்களையும் சேர்த்து. ஆய்வில் யார் பெயரும் வரக் கூடாது, எண் மட்டும்தான் என்றபோது எப்படிச் சிரித்தீர்கள்! "பெத்த அப்பனுக்கே நம்பரா தாயி? சரி, நல்ல நம்பரா பாத்துப் போடு." மூன்று என்று போட்டேன்.

தேர்வாளர் வெளியூர்க்காரர், கறாரான அம்மா. மற்றவர்களின் பதிவுகளைப் போட்டுக் காட்டியபோதெல்லாம் தலையாட்டினார். அடுத்து உங்கள் குரல் வந்தது. உங்களைக் கல்லறையில் வைத்த பிறகு இன்றுதான் அதைக் கேட்கிறேன். மேசையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். மல்லிக்கு விலை சொல்கிறீர்கள், நிறுத்துகிறீர்கள், இன்னும் தெளிவாக மறுபடி சொல்கிறீர்கள். சரக்கோடு நின்ற ஒருவர் சலித்துக்கொள்வதும் கேட்கிறது: "என்னண்ணே, இன்னைக்குப் பள்ளிக்கூடமா நடத்துறீக?" பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"நிறுத்தும்மா. ஏலம் இப்படியா நடக்கும்? பூ வாடிப் போயிடாதா? வீட்டுல யாரையாவது நடிக்க வச்சு எடுத்தீங்களா?" என்றார் தேர்வாளர்.

பொய்ப் பதிவு என்று அவர் எழுதிவிட்டால் ஆய்வேடு மொத்தமும் போய்விடும், இரண்டு வருடப் படிப்பும் அந்தரத்தில் தொங்கும்.

ஆனால் அப்பா, அவர் சொன்னதில் தப்பே இல்லை. உங்கள் வேகம் எனக்குத் தெரியாதா? வியாபாரிகளே "அண்ணே, செத்த மெதுவா" என்று கெஞ்சுவார்களே! அன்றைக்கு எதிரில் நான் போனோடு நின்றதும், பிள்ளை எழுத வேண்டுமே என்று நிதானமாக ஏலம் விட்டிருக்கிறீர்கள். உங்களை யார் அப்படிச் செய்யச் சொன்னது?

"அதே ஆளை வழக்கம்போல பேசச் சொல்லி மறுபடி எடுத்துட்டு வாங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் தர்றேன்" என்றார்.

என் வழிகாட்டி மேடத்துக்கு எல்லாம் தெரியும். சொல்லிவிடு என்று கண்ணாலேயே ஜாடை காட்டினார். சொல்லியிருந்தால் இரக்கப்பட்டு விட்டிருப்பார்கள். செத்துப்போன அப்பாவின் குரலை யார் குறை சொல்லப் போகிறார்கள்? ஆனால் உங்கள் சாவைக் காட்டி மதிப்பெண் வாங்க எனக்கு மனம் வரவில்லை.

"அவர ஆய்வுலேருந்தே எடுத்துடுறேன் மேடம், வேற ஒருத்தர பதிவு பண்றேன்" என்றேன். அதற்கும் தலையாட்டினார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மூன்றாம் எண்ணின் பக்கங்களை ஆய்வேட்டிலிருந்து அழித்தேன். நீங்கள் இப்போது அதில் ஒரு வரியிலும் இல்லை. என் மேல் கோபமா அப்பா?

பிறகு சித்தப்பாவுக்குப் போன் செய்தேன். உங்கள் இடத்தில் நின்று இப்போது அவர்தான் ஏலம் விடுகிறார். நீங்கள் போனதிலிருந்து அந்தக் கடைப் பக்கமே நான் எட்டிப் பார்க்கவில்லை.

"விடியுமுன்ன வந்துரு. முகூர்த்த நாளு, அம்புட்டுச் சரக்கு வரும். ஒங்கப்பன் மாதிரி ஒனக்காக நிறுத்திச் சொல்லுவேன்னு மட்டும் நெனைக்காத" என்றார்.

"நிறுத்தாதீங்க சித்தப்பா, அதுதான் எனக்கு வேணும்" என்றேன். தைரியமாகத்தான் சொல்லி வைத்தேன். கண்ணை மூடிக் கேட்டால் அவர் குரலும் உங்கள் குரல்தானே? அதை எதிரில் நின்று எப்படிக் கேட்கப் போகிறேன்?

இருந்தாலும் நாளைக் காலை போகிறேன். நீங்கள் நின்ற இடத்துக்கு நேர் எதிரே போனை நீட்டிக்கொண்டு நிற்பேன். நான் விசும்பினால் அதுவும் பதிவில் விழுந்துவிடும். அதனால் ஏலம் முடிகிற வரைக்கும் அழ மாட்டேன். இது சத்தியம் அப்பா.

நீங்கள் நிறுத்தி நிறுத்திச் சொன்னதை எழுதிக்கொண்ட,
உங்கள் மூத்த மகள்