குளத்தில் கிடக்கும் பூவரசு

கோட்டுச்சேரி,
தை 20

அன்புள்ள தம்பி அஸ்ஃபாக்குக்கு,

கவியாவின் அம்மா அமுதம் எழுதுவது. அங்கே நீங்கள் நலமாக இருக்க வேண்டும். நாங்கள் இருக்கிறோம். போனில் பேசினால் பாதியிலேயே அழுது வைத்துவிடுகிறேன், அதனால்தான் கடிதம்.

அறுவடை முடிந்துவிட்டது. எல்லாம் என் தம்பி செம்பியன்தான் பார்த்துக்கொண்டான். கவியா போன பிறகு அவள் அப்பா வயல் பக்கமே போகவில்லை. பெங்களூரிலிருந்து அவளைக் கொண்டுவந்து எங்களிடம் சேர்த்த அன்று உங்களுக்கு ஒரு வாய் காப்பி கொடுக்கக்கூட எங்களுக்குத் தோன்றவில்லை. மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

எழுத வந்தது அந்தப் பூவரசைப் பற்றி. ஐப்பசிப் புயலில் கொல்லையில் சாய்ந்த மரம். அதில் தனக்கென்று ஒன்று செய்யப்போவதாக உங்கள் கிட்டார் பட்டறையில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாளாமே. அடிமரத்தை நிழலில் உலரப் போடுங்கள் என்று அவள் படித்துப் படித்துச் சொன்னாள். இவர் கேட்கிற ஆளா? எங்கள் வீட்டு வாசல் நிலை, கட்டில் எல்லாமே குளத்தில் ஊறிய மரம். இதையும் உருட்டிக்கொண்டுபோய்ச் சேற்றில் அமுக்கிவிட்டார்.

"அது கதவு இல்லப்பா, அதுலேருந்து சத்தம் வரணும், நாசம் பண்ணிட்டீங்களே" என்று போனில் அழுதாள். "ஊறாத மரம் வெடிச்சிடும், ஒனக்கு என்ன தெரியும்" என்று சொல்லி இவர் போனை வைத்துவிட்டார். அப்புறம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அந்த வாரமே அவளுக்குக் காய்ச்சல் வந்தது.

இப்போது பொழுதுக்கும் குளத்தங்கரையில்தான் உட்கார்ந்திருக்கிறார். மரத்தை எடுத்து பெஞ்சு செய்துவிடலாமே என்று செம்பியன் சொன்னதற்கு அவனை அடிக்கப் போய்விட்டார். சோறும் சரியாக இறங்கவில்லை. எனக்கு ஒருத்தியை இழந்ததே தாங்கவில்லை, தம்பி. நேற்றுத்தான் முதல்முறையாக, "அஸ்ஃபாக் வந்து தட்டிப் பாக்கட்டும், கெட்டுப்போச்சா இல்லியான்னு அவருக்குத் தெரியும்" என்றார்.

ஒருநாள் லீவு போட்டு வாருங்கள். மரத்தைக் கரையேற்றி நீங்கள் தட்டும்போது அவர் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். என்ன சத்தம் கேட்டாலும் சரி, நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். உண்மையை என்னிடமும் சொல்ல வேண்டாம்.

உங்களைப் பெற்றவள் கண் நிறையப் பார்த்திருக்க, நீங்கள் நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அமுதம்