எடுத்துருங்க சார்

பரிபூரணத்துக்கு,

தொண்டையில் புற்று என்று ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர் சொன்னபோதுகூட எனக்கு இப்படித் தூக்கிவாரிப் போடவில்லை.

"குரல்வளையை எடுத்துட்டா பேச்சு போயிரும், ஆனா நோய் திரும்புறது குறைவு. கதிர்வீச்சுக் கரண்டும் கீமோவும் குடுத்தா பேச்சு நிக்கலாம், ஆனா இவரு நோய் அதுக்குக் கேக்குமான்னு உறுதியாச் சொல்ல முடியாது. யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ சொன்னாய்: "எடுத்துருங்க சார்."

சொத்தைப் பல்லைப் பிடுங்கச் சொல்வதுபோலச் சொன்னாய். அந்த அதிர்ச்சியில்தான் பஸ் ஸ்டாண்டில், "என் சத்தம் ஒழிஞ்சாப் போதும்னு இருந்தியாட்டி" என்று கேட்டுவிட்டேன்.  அந்த ஊரிலேயே உன் அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்று நின்றுவிட்டாய். ராஜபாளையம் பஸ் நகர்ந்தபோது ஜன்னலுக்கு வெளியே விரல்களைச் சேர்த்து முறுக்கி என்னவோ காட்டினாய். போய்த் தொலை என்கிறாய் என்று நினைத்தேன்.

இன்று காலை மில்லுக்கு லீவு சொல்லப் போனேன். நூல் நூற்கும் ரிங் பிரேம் மெஷின்களின் இரைச்சலில் யார் பேச்சும் யாருக்கும் கேட்காது. நீ வேலை பார்த்த காலம் போலவே இப்போதும் கைச்சாடைதான். நூல் அறுந்து திணறிய ஒருத்திக்கு எதிர் வரிசைக்காரி விரல்களைச் சேர்த்து முறுக்கிக் காட்டினாள். நான் ஒட்டித் தாரேன் என்று அர்த்தம்.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த இரைச்சலுக்குள் நீ என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தபோது என் குரலைக் கேட்டதுகூடக் கிடையாது.

டாக்டரிடம் எடுக்கச் சொல்லிவிட்டேன். குரல் இருக்கும்போதே உன்னோடு ஒரு சண்டை போட வேண்டும். உடனே வா.

உன் வீட்டுக்காரன்