மூடுபனியில் வழி தவறியவன்

அன்புத் தம்பி ஏசெனுக்கு,

அக்கா குல்சைரா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். இதைக் கொண்டுவருகிறவர் அங்குள்ள நம் தூதரகத்துத் தமிர்பேக். படித்ததும் அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடு. உன்னிடம் வைத்துக்கொள்ளாதே.

பக்கத்து நாட்டு எல்லைக் காவலர்கள் உன்னைப் பிடித்த அன்றே உன் குதிரைகள் தாமாக வீடு வந்து சேர்ந்துவிட்டன. நீ ஏறிப்போன செவலை சேணத்தோடு வந்து நின்றதைப் பார்த்ததிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. "வெளியுறவு அமைச்சகத்துல என் பொண்ணு இருக்கான்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன். கூடப் பொறந்தவனைக் கூட்டிட்டு வர முடியலையா உன்னால?" என்று தினமும் ஃபோனில் கேட்கிறாள். நம்மிடம் பெரிய படையா இருக்கிறது? அவர்கள் எரிவாயுக் குழாயை மூடினால் நம் அடுப்பு அணைந்துவிடும். எங்கள் அமைச்சகத்திடம் இருப்பதெல்லாம் கேட்கிற வாயும் விருந்து வைக்கிற மேசையும்தான்.

அந்த மேசையிலும் நேற்று காரியம் கெட இருந்தது. அவர்களுடைய துணை அமைச்சர் வந்திருந்தார். உன் வயதுதான் இருக்கும். கூடவே வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர், ஆலோசகராம். ஆட்டுத்தலை வந்ததும், எங்கள் துறைத் தலைவர் ஜூமாலி ஐயா, மூத்தவருக்கே தலை என்கிற வீட்டுப் பழக்கத்தில் தட்டைக் கொண்டுபோய் அந்தக் கிழவர் முன்னால் வைத்துவிட்டார். பதவியில் பெரியவரான துணை அமைச்சர் முன்தான் வைக்கவேண்டும் என்று காலையிலிருந்து நான் படித்துப் படித்துச் சொன்னதெல்லாம் காற்றில் போயிற்று. துணை அமைச்சரின் முகம் கறுத்தது. உன்னை இனிப் பார்க்கவே முடியாது என்று நினைத்துவிட்டேன்.

கிழவர் அசரவில்லை. கத்தியை எடுத்துக் காதை அறுத்தார். அவர்கள் பக்கமும் நம்மைப் போல, காது இளையவனுக்குத்தான். அதைத் துணை அமைச்சரிடமே நீட்டி, "சாப்பிடு தம்பி. இங்க நீதான் சின்னவன். பெரியவங்க சொல்றது நல்லாக் கேக்கட்டும்" என்றார். அந்த மனிதர் காதையே பார்த்தார். பிறகு வாங்கித் தின்றார். தின்றுகொண்டே சிரித்தும்விட்டார்.

அதற்குப் பிறகுதான் பேச்சு உன் பக்கம் வந்தது. "பனிமூட்டத்துல வழி தவறிட்டேன்னு வியாழக்கிழமை விசாரணையில சொல்லட்டும், சாயங்காலமே அனுப்பிடறேன். எங்க தாத்தா மேய்ச்ச இடம்னு ஆரம்பிச்சான்னா அது நிலத் தகராறு. அப்புறம் என் கையில ஒண்ணுமில்ல" என்றார் துணை அமைச்சர்.

இதை அமைச்சகம் உனக்கு எழுத முடியாது. எழுதினால் நீ குதிரை மேய்த்த அந்தப் புல்வெளி அவர்களுடையது என்று நம் நாடே ஒப்புக்கொண்டதாகிவிடும். ஜூமாலி ஐயா என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "அமைச்சகம் ஒரு வரி எழுதாது. அந்தப் பையனுக்கு அக்கா யாராவது இருக்காங்களாம்மா?" என்று கேட்டார். தெரிந்துதான் கேட்டார்; முதல் நாளே உன்னை மீட்கக் கேட்டு அவர் மேசையில் மனு வைத்து அழுதவள் நான்தான்.

ஏசென், நீ வழி தவறுகிறவன் இல்லை. கண்ணைக் கட்டி விட்டாலும் அந்த மலையிலிருந்து வீடு வந்து சேர்வாய். அன்று வெயில் பளிச்சென்று அடித்ததும் எனக்குத் தெரியும். குதிரைக்கே வழி தெரிந்தது, இவனுக்குத் தெரியவில்லையாம் என்று ஊர் உன்னைப் பார்த்துச் சிரிக்கும். ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் இதையே சொல்லிக் கிண்டல் பண்ணுவார்கள். பண்ணட்டும். உன் பிடிவாதத்தை நினைத்தால் கோபமாக வருகிறது, அதைவிடப் பயமாக இருக்கிறது. புல்வெளி எங்கும் ஓடிப்போகாது. அதைக் கேட்க நாங்கள் இருக்கிறோம். எத்தனை வருஷமானாலும் சலிக்காமல் கேட்டுக்கொண்டே இருப்போம். அதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம். உன்னை மட்டும் பணயம் வைக்க என்னால் முடியாது.

அம்மா இன்று காலை உன் சேணத்துக்கு எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்தாளாம்.

நீ நல்லபடியாக வந்து சேரவேண்டும், தம்பி. அன்று மலையில் ஒரே பனிமூட்டம். பக்கத்தில் நின்ற குதிரைகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை.

என்றும் உன் அக்கா,
குல்சைரா