வெள்ளி முடி

பசுந்தாங், யாங்கோன், மியான்மர்

அன்பு மகளுக்கு,

தைப்பேயில் உன் மூன்றாவது மாண்டரின் ஆல்பம் வந்ததில் மகிழ்ச்சி. முதல் ஆல்பத்தில் நின்றபடியே சோகப் பாட்டுப் பாடினாய்; முகம் தெளிவாகத் தெரிந்தது. இப்போது வெள்ளி முடியும் கறுப்புக் கண்ணாடியுமாக ஆடுகிறாய். இந்தக் கலை வளர்ச்சியை முழுமனதோடு ஆதரிக்கிறேன்.

நேற்று வார்டு அதிகாரி, கட்டாய ராணுவச் சேவைக்கு உன் வயதுக்காரர்களின் பட்டியலோடு வந்தார். கைப்பேசியில் உன் வீடியோவைக் காட்டி, என் பெயருக்கு முன் மரியாதையாக பர்மிய 'ஊ' போட்டுக் கேட்டார்.

"இது உங்க மகதானே, ஊ சவரிமுத்து? கிறிஸ்துமஸுக்கு வருதாமே?"

தெருவெல்லாம் உன் பெருமை பேசிய அம்மா முந்திக்கொண்டாள். "இந்த ஆட்டக்காரியா? எம் பொண்ணு கோயில்ல பாடுற புள்ள, சயா."

"சரி. வந்தா அன்னிக்கே வார்டு ஆபீஸ்ல விருந்தாளிப் பதிவு பண்ணிடுங்க" என்று சிரித்துவிட்டுப் போனார்.

டிக்கெட்டை ரத்து செய். உன்னை வராதே என்று சொல்லும் இந்தக் கடிதத்தில் அம்மா கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாள்.

அன்புடன்,
அப்பா மட்டும்